விசாரணை இல்லாத ஓராண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறைச் சட்டம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர். விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நம் சிறைகளில் நான்கில் மூன்று பங்கினர், குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லாதவர்கள்.

பெருந்திரளாக மக்களைச் சிறையில் அடைப்பது என்றதும் அமெரிக்காதான் நினைவுக்கு வரும். 2008 வாக்கில் அங்கே 23 லட்சம் பேர் சிறையில் இருந்தார்கள். 1973இல் நியூயார்க்கின் போதைப்பொருள் சட்டம், 1986இல் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை விதித்த மத்தியச் சட்டம், 1994இல் மூன்றாம் குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை என்ற கலிஃபோர்னியாவின் சட்டம் என்று தேர்தல் மேடைகளில் பிறந்த சட்டங்கள் அந்தச் சிறைகளை நிரப்பின. அங்கே ஆட்களை உள்ளே தள்ளியது தண்டனை. இங்கே உள்ளே தள்ளுவது கைது. இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு, அங்கே எழுதப்பட்ட நூல்களை வைத்து நம் சிறைகளைப் புரிந்துகொள்ள முயன்றால் பாதி வழியில் நின்றுவிடுவோம்.

அந்தப் புள்ளிவிவர நூலில் இன்னொரு சிறு கட்டம் இருக்கிறது. அதிகம் பேர் அதைப் பார்ப்பதில்லை. தடுப்புக் காவல் கைதிகள் என்பது அதன் தலைப்பு. குற்றம் செய்ததற்காக அல்லாமல், இனிமேல் செய்துவிடுவார் என்பதற்காக அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். 2022 முடிவில் நாடு முழுவதும் 4,324 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரே மாநிலத்தில் இருந்தார்கள். காஷ்மீர் என்று நினைப்பீர்கள். தமிழ்நாடு. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் வாழும் மாநிலத்தில், விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது பேர். அதற்கு முந்தைய ஆண்டிலும் நிலைமை இப்படித்தான்.

எனவே இன்று முழுச் சிறைச் சட்டத்தையும் நான் தொடப்போவதில்லை. குண்டர் தடுப்புச் சட்டம் பற்றி மட்டும் பேசுகிறேன். அரசு தோற்றுக்கொண்டே வெல்லும் சட்டம் என்று அதைச் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதுதான் இந்த உரை.

அது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள், பாலியல் தொழிலுக்கு ஆள் கடத்துவோர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் ஆகியோரைக் குறிவைத்து எழுதப்பட்டது. பிறகு வனக் குற்றம் செய்வோர் சேர்ந்தார்கள். 2004இல் திருட்டு வி.சி.டி. தயாரிப்போர் சேர்ந்தார்கள். மணல் கடத்துவோர், இணையக் குற்றம் செய்வோர், பாலியல் குற்றம் செய்வோர் என்று பட்டியல் பத்தாயிற்று. எந்தக் காலத்தில் எந்தக் குற்றம் செய்தித்தாளில் பெரிதாக அடிபட்டதோ, அது இந்தச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. திருட்டு வி.சி.டி. என்ற தொழிலே இன்று இல்லை. சட்டத்தில் அது இருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் எதையும் கழித்ததில்லை, கூட்டியது மட்டும்தான்.

மக்கள் பேச்சில் இதற்கு ஒரே பெயர், குண்டாஸ். "குண்டாஸ் போட்டுட்டாங்க" என்பார்கள். நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தால், "குண்டாஸ் உடைஞ்சிருச்சு". உயர் நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் தாய்மாருக்கு ஆட்கொணர்வு மனு என்ற பெயர் தெரியாது. எப்போது உடையும் என்றுதான் கேட்பார்கள்.

எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். ஒருவரைக் காவல்துறை ஒரு வழக்கில் கைது செய்கிறது. அவர் ரிமாண்டில் இருக்கிறார். ஜாமீன் மனு போடுகிறார், அல்லது போடப்போகிறார். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கோப்பு தயார் செய்து மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கும், மாவட்டம் என்றால் ஆட்சியருக்கும் அனுப்புகிறார். அவர் கையெழுத்திட்டால் சிறைக்குள் இருப்பவருக்குச் சிறைக்குள்ளேயே தடுப்புக் காவல் உத்தரவு வந்து சேர்கிறது. ஐந்து நாட்களுக்குள் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும். 12 நாட்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். குழுமம், காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதே நாளிலிருந்து கணக்கிட்டு, காவல் அதிகபட்சம் 12 மாதம். எழுத்தில் பார்க்கும்போது காலக்கெடுக்கள் கறாராக இருக்கின்றன. நல்ல சட்டம் போலத் தோன்றும்.

காரணங்கள் ஒரு புத்தகமாக வரும். எல்லோரும் அதை புக்லெட் என்பார்கள். சிறையில் கைதியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மனு போட்டுச் சந்திக்க வரும் மனைவியிடமோ அம்மாவிடமோ அது போய்ச் சேரும். துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவருவார்கள். சிலது ஐம்பது பக்கம், சிலது முந்நூறு. முன்பக்கங்களில் உத்தரவு. பிறகு அவர் மேல் முன்பு பதிவான வழக்குகள். அவற்றை அட்வெர்ஸ் கேஸ் என்பார்கள். பிறகு கடைசியாகக் கைதான வழக்கு. அது கிரவுண்ட் கேஸ். அந்தக் கிரவுண்ட் கேஸின் கதையை நீங்கள் படிக்க வேண்டும். ஒருவர் கடைவீதியில் நடந்து போகிறார். இவர் வழிமறிக்கிறார். பட்டாக்கத்தியைக் காட்டிச் சட்டைப் பையிலிருந்து சில நூறு ரூபாயைப் பறிக்கிறார். தடுக்க வந்தவர்களை மிரட்டுகிறார். பாட்டில்களை எடுத்துச் சாலையில் வீசுகிறார். மக்கள் நாலாபுறமும் சிதறி ஓடுகிறார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குகிறார்கள். போக்குவரத்து நின்றுபோகிறது. தொகை மாறும், தெருவின் பெயர் மாறும். மற்றதெல்லாம் ஊருக்கு ஊர் அப்படியே இருக்கும்.

பாட்டிலும் ஷட்டரும் அங்கே வருவதற்குக் காரணம் உண்டு. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களை வரைந்து காட்டியது. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது அமைதி. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இருவருக்குள் அடிதடி என்றால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை மட்டுமே. ஊரின் இயல்பு வாழ்க்கை நிலைகுலைந்தால்தான் பொது அமைதி கெட்டதாகும். பொது அமைதி கெட்டால்தான் குண்டாஸ் போடலாம். ஆகவே பணப்பறிப்பு வழக்கில் பாட்டில் உடைந்தாக வேண்டும், ஷட்டர் இறங்கியாக வேண்டும். குடிமகனைக் காக்க நீதிமன்றம் வகுத்த அளவுகோல், காவல் நிலையத்தில் ஒரு வாசக மாதிரியாக மாறிவிட்டது.

இன்னொரு வாசகமும் தவறாமல் வரும். இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் ஜாமீன் தந்திருக்கின்றன, ஆகவே இவரும் ஜாமீனில் வெளியே வர வாய்ப்பிருக்கிறது, வந்தால் மறுபடியும் பொது அமைதியைக் கெடுப்பார் என்பது அது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று உங்களிடம் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். ஜாமீன் தருவது நீதிபதியின் வேலை. நீதிபதி சட்டப்படி ஜாமீன் தந்துவிடக்கூடும் என்பதையே காரணமாகக் காட்டி, அந்த ஜாமீனைப் பயனற்றதாக்கும் உத்தரவை ஓர் அதிகாரி எழுதுகிறார். அறுபது நாளிலோ தொண்ணூறு நாளிலோ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் தானாகக் கிடைக்க வேண்டிய ஜாமீனும் இதனால் பயனற்றுப்போகிறது. புலனாய்வைச் சரியாக முடிக்காத காவல்துறைக்கு இதைவிட வசதியான சட்டம் வேறு இல்லை.

2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. காலாவதியான மருந்துகளின் லேபிளை மாற்றி விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி தொடுத்த வழக்கு அது. குற்றச்சாட்டு கொடியதுதான், அந்த மருந்தை விழுங்கிய நோயாளியை நினைத்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனாலும் மூன்று நீதிபதிகள் அமர்வு உத்தரவை ரத்து செய்தது. எந்த வழக்கில், யாருக்கு, எப்போது ஜாமீன் கிடைத்தது என்ற விவரமே இல்லாமல் பொத்தாம்பொதுவாக இதுபோன்ற வழக்குகள் என்று எழுத முடியாது என்றது. அதைவிட முக்கியமாக, சாதாரணக் குற்றவியல் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது. குண்டாஸ் வழக்குகளை அடியோடு மாற்றியிருக்க வேண்டிய தீர்ப்பு. மாறியது என்னவென்றால், அதன் பிறகு வந்த புக்லெட்டுகளில் ஏதோ ஒரு பழைய ஜாமீன் உத்தரவின் நகலும் சேர்ந்தது.

இனி அறிவுரைக் குழுமம். கைதி காவலோடு அழைத்துவரப்படுவார், அல்லது திரையில் தோன்றுவார். அவருக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது, சட்டமே தடுக்கிறது. 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உறவினரோ நண்பரோ பேசலாம். முந்நூறு பக்கக் கோப்புக்கு எதிராக, கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அம்மா என்ன பேசுவார்? "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லைங்க ஐயா" என்பார். எத்தனையோ அம்மாக்கள் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. சாட்சிகளே அங்கே வருவதில்லை.

மிஞ்சியிருப்பது உயர் நீதிமன்றம். ஆட்கொணர்வு மனு தாக்கலாகும். அரசு பதில் மனு போட அவகாசம் கேட்கும். பட்டியலில் வரும், வாய்தா விழும், மறுபடியும் வரும். கடைசியில் ஒரு நாள் பெரும்பாலும் ஐந்து நிமிட வாதத்தில் உத்தரவு ரத்தாகும். காரணங்கள் அன்றாடம் நாம் காண்பவை. கைதியின் முறையீட்டுக்குப் பதில் சொல்ல அரசு இத்தனை நாள் விளக்கமில்லாமல் தாமதித்தது. புக்லெட்டின் இந்தப் பக்கம் படிக்க முடியாத நகல். ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. இதுபோன்ற வழக்கு என்று காட்டிய வழக்கு இதுபோன்றதல்ல. அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு கைதிக்கு முறையிடும் உரிமையைத் தருகிறது. படிக்க முடியாத காகிதத்தை வைத்து முறையிட முடியாது என்பதால் இவையெல்லாம் முறையான காரணங்களே. இந்தத் துறையில் நம் உயர் நீதிமன்றம் வளர்த்த சட்டம் நுட்பமானது. பல்லாயிரம் பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்த ரத்து உத்தரவு வரும்போது கைதி மூன்று மாதமோ ஆறு மாதமோ சிறையில் கழித்திருப்பார். மங்கலான நகலுக்காக உத்தரவு உடைந்ததால், அவர் உண்மையில் பொது அமைதிக்குக் கேடானவரா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவே இல்லை. ஆணையரும் ஆட்சியரும் தவறு செய்தார்கள் என்று ஆகாது. அவர்கள் மனநிறைவு சரியா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அரசு மேல்முறையீடு செய்ய வேண்டிய தேவையும் பெரிதாக எழுவதில்லை, ஏனென்றால் அரசுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்கு வேண்டியது அந்த ஆறு மாதம்தான். அரசு தோற்றுக்கொண்டே வெல்கிறது என்று நான் சொன்னதன் பொருள் இதுதான். ஒரு வழக்கில் தோற்றாலும் தோற்றவருக்கு எந்த இழப்பும் இல்லை என்றால், அவர் மறுநாளும் அதே வழக்கைத் தொடுப்பார். தொடுக்கிறார்.

இழப்பீடு? 1979இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா இணைந்தபோது, சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு கோரும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இணைந்தது. நான்கே ஆண்டில், 1983இல், ருதுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுவரில் ஓட்டை போட்டது. 1968இல் நீதிமன்றம் விடுதலை செய்த அவரை பிகார் அரசு 1982வரை சிறையில் வைத்திருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கிடைத்தது. அந்த வழியில் குண்டாஸ் கைதிகளுக்கும் இழப்பீடு என்ற பேச்சு எழுந்திருக்க வேண்டும். நடைமுறையில் எழவில்லை. உடைந்த உத்தரவோடு வெளியே வருபவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அதைச் சொல்லாமல் அரசியலைப் பேச முடியாது. விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறை விதியிலிருந்து வருகிறது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணமும் அப்படியொன்றைச் செய்துகொண்டது. ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொந்தளித்தது. சிறை சென்ற அதே தலைமுறை உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதியபோது, தடுப்புக் காவலை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே வைத்தது. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மகாவீர் தியாகி எழுந்து, வரைவுக் குழுவினர் காவல் கைதிகளாகச் சிறையில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று வருந்திப் பேசினார். இதே பிரிவு நாளை நம் மீதே பாயும் என்பது அவர் கவலை.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஓராண்டுக்கு என்று வந்த சட்டம் 1969வரை நீண்டது. அதை எதிர்த்து முதலில் வழக்குப் போட்டவர் சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன். சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்ற பொருளில் பெரும்பான்மை நீதிபதிகள் 1950 மே மாதம் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஃபசல் அலி தனித்து நின்றார். அவர் சொன்னது சட்டமாக 1978இல் மேனகா காந்தி வழக்குவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேலத்தில் செத்தவர்களை நம் சட்டக் கல்லூரிகளில் கோபாலன் வழக்கோடு சேர்த்துக் கற்பிப்பதில்லை. சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும்.

பிறகு மிசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் சென்னை மத்தியச் சிறைக்குள் நடந்ததைப் பின்னர் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்து எழுதி வைத்திருக்கிறது. முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அங்கே தாக்கப்பட்டார். 1977 ஜனவரியில் இறந்தார். இன்றைய முன்னணித் தலைவர்களில் மு.க. ஸ்டாலின் உள்ளிட்டோர் அந்தச் சிறையில் அடிபட்டவர்கள். மிசா கைதி என்பது தமிழக அரசியலில் பெருமைக்குரிய அடைமொழி. இவ்வளவு நினைவு இருந்தும், மிசா போய் ஐந்தாண்டுக்குள் எம்.ஜி.ஆர். ஆட்சி 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு எத்தனை முறை ஆட்சி மாறியிருக்கிறது! எந்த ஆட்சியும் அதை நீக்க நினைக்கவில்லை.

2017 மே மாதம், ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெரினாவில் அஞ்சலி செலுத்தக் கூடிய திருமுருகன் காந்தி மீது அ.தி.மு.க. ஆட்சியில் குண்டாஸ் போடப்பட்டது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில், செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய ஏழு பேர் மீது தி.மு.க. ஆட்சியில் அதே சட்டம் பாய்ந்தது. ஊரே எதிர்த்ததால் சில நாட்களில் ஆறு பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. இவர்களைப் பற்றி நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவர்களுக்குக் கட்சி உண்டு, இயக்கம் உண்டு, முகநூலில் எழுத ஆள் உண்டு. போராளி மீது குண்டாஸா என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குள்ளேயே, மற்றவர்கள் மீது போடலாம் என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. எனக்கு அந்த மற்றவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை.

யார் அவர்கள்? தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு இருபது பேர். தடுப்புக் காவல் கைதிகளில் அவர்கள் பங்கு அதைவிட மிக அதிகம். வடசென்னையிலும் தென் மாவட்டங்களிலும் இருபது இருபத்திரண்டு வயதில் முதல் வழக்கு, அதைக் காட்டி இரண்டாவது, இரண்டையும் அட்வெர்ஸ் ஆக்கி குண்டாஸ் என்று ஒரு பாதை இருக்கிறது. ஒருவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, அவர் எப்படிப்பட்டவர் என்பதை வைத்து அடைக்கும் இந்தப் போக்கு நமக்குப் புதிதல்ல. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரலில் சுடப்பட்டார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது; பிறப்பிலேயே குற்றம் ஒட்டியிருக்கிறது என்ற நினைப்பு சிறைக் கையேடுகளில் பதுங்கிக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிப்பதையும், சீர்மரபினரைப் பரம்பரைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் விதிகளையும் நீக்கச் சொன்னது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் பாளையங்கோட்டை வருகிறது. அங்கே சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனித் தொகுதிகளில் வைத்திருந்ததை, மோதலைத் தவிர்க்கத்தான் என்ற அரசின் வாதத்தை ஏற்று நம் உயர் நீதிமன்றம் முன்பு விட்டுவிட்டது. ஒழுங்கைக் காப்பது உன் கடமை, அதற்குச் சாதிச் சுவர் வழியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதிர்ப்பக்கத்தை இனி எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது வலுவானது. கூலிப்படைக் கொலைகள் நடக்கின்றன. சாட்சி சொன்னால் வெட்டுகிறார்கள். பதினைந்து வழக்கு உள்ளவன் ஜாமீனில் வந்து பதினாறாவதைச் செய்கிறான். கடை வைத்திருப்பவர் மாமூல் கொடுத்துக் களைத்துவிட்டார். நடுத்தெருவில் ஒரு கொலை நடந்தால் மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது என்று அறிக்கை விடுகிறார். ஆணையர் செய்தியாளர்களைச் சந்தித்து, இந்த மாதம் இத்தனை பேர் குண்டாஸில் கைது என்று எண்ணிக்கை சொல்கிறார். அந்த எண்ணைக் கேட்டு மக்களுக்கு உண்மையான ஆறுதல் கிடைக்கிறது. அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். பயத்தோடு வாழ்பவர்களுக்கு அரசு ஏதாவது செய்ய வேண்டும்.

அந்தப் பதினைந்து வழக்குகள் என்னாயின என்பதுதான் என் கேள்வி. ஒன்றில்கூடத் தண்டனை வாங்கித் தர முடியவில்லையா? பதினைந்திலும் விசாரணை முடியவில்லை என்றால் கோளாறு ஜாமீனில் இல்லை. 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாநிலங்கள் அதைச் செய்தாக வேண்டும் என்கிறது. ஜாமீனை மீறினால் ரத்து செய்ய மனுப் போடலாம். விரைவாக விசாரணை நடத்தலாம். இவை எல்லாவற்றுக்கும் உழைப்பு வேண்டும். புலனாய்வு அதிகாரி, அரசு வழக்கறிஞர், தடயவியல் ஆய்வகம், காலியாகக் கிடக்கும் நீதிமன்றங்களில் நீதிபதிகள் எல்லாம் வேண்டும். குண்டாஸுக்கு ஒரு கையெழுத்து போதும். சுலபமான வழி ஒன்று திறந்திருக்கும்வரை கடினமான வழியில் எந்தத் துறையும் போகாது. அதனால் இந்தச் சட்டம் ரவுடிகளை ஒழிக்கவில்லை. ரவுடிகளைத் தண்டிக்கத் தெரிந்த ஓர் அமைப்பு இங்கே உருவாகாமல் பார்த்துக்கொண்டது.

இதன் விளைவு விசாரணைக் கைதிகள் பக்கமும் பரவுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் வெளியே விடச் சொல்கிறது. வரவேற்க வேண்டிய பிரிவு. ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்றும் சொல்லிவிட்டது. ஏழைப் பையன் மீது இரண்டாவது எஃப்.ஐ.ஆர். போடுவது எவ்வளவு எளிது என்பது இந்த அரங்கில் உள்ள இளம் வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுச் சிறைகளில் நெரிசல் இல்லை என்று அதிகாரிகள் பெருமையோடு சொல்வதுண்டு. உண்மைதான். மற்ற பல மாநிலங்கள் கொள்ளளவைத் தாண்டி நிரம்பி வழிய, இங்கே இடம் மிச்சமிருக்கிறது. ஆனால் டிசம்பர் 31 அன்று எண்ணுவது குளத்தில் நிற்கும் நீரை மட்டும். மதகு வழியே ஆண்டு முழுக்க எவ்வளவு ஓடியது என்பதை அந்த எண் சொல்லாது. நான்கு மாதம், ஆறு மாதம் என்று உள்ளே போய் வெளியே வருபவர்கள் அந்த ஒரு நாளில் எண்ணப்படாமலே போகிறார்கள். அவர்கள் விட்ட வேலை, அடகு வைத்த நகை, பள்ளிக்கூடத்தை விட்ட தங்கை எந்தக் கட்டத்திலும் வருவதில்லை.

எனக்குத் தேவை இந்தச் சட்டத்தின் நீக்கம். அதை இன்றே செய்ய எந்தக் கட்சியும் முன்வராது என்பதும் தெரியும். அதுவரை செய்யக்கூடியவை உண்டு. 1978இன் 44ஆம் திருத்தம், அறிவுரைக் குழுமத்தின் கருத்தில்லாமல் அடைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்துக் குழுமத்தின் அமைப்பையும் சீர்செய்தது. அந்தப் பிரிவை மட்டும் எந்த மத்திய அரசும் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதைக் கேட்க வேண்டும். ஆட்கொணர்வு மனுக்களுக்கு உயர் நீதிமன்றம் வாரக்கணக்கில் கெடு வைக்க வேண்டும். உத்தரவு உடைந்தால், நகல் மங்கலா என்பதோடு நிற்காமல், அடைத்தது சரியா என்ற கேள்விக்கும் இரண்டு வரியில் பதில் எழுத வேண்டும். தவறு என்று பதில் வந்தால் இழப்பீடு தர வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் சொந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். கடந்த ஐந்தாண்டில் ஆண்டுவாரியாக எத்தனை குண்டர் தடுப்பு உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன? அவற்றில் எத்தனையை அறிவுரைக் குழுமம் ஏற்கவில்லை? எத்தனை உயர் நீதிமன்றத்தில் ரத்தாயின, ரத்தான நாளில் அந்தக் கைதி எத்தனை நாள் உள்ளே இருந்திருந்தார்? அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அந்த உத்தரவுகளுக்கு அடிப்படையான கிரவுண்ட் கேஸ்களில் எத்தனை தண்டனையில் முடிந்தன? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். எல்லா மாவட்டங்களின் பதில்களும் ஓரிடத்தில் சேர்ந்தால், சட்டமன்றத்தில் எந்த உறுப்பினரிடமும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.